பட்டாசுப் பெட்டியின் பின்பக்கத்து ஆங்கிலம்

பூச்சட்டிப் பெட்டியைத் திருப்பினால் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நாலைந்து வரி ஆங்கிலம் இருக்கும். அவற்றில் ஒரு வரி பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றியது. "கீப் இட் அவே ஃப்ரம் சில்ட்ரன்" என்று அதை எழுதலாம். "கீப் சில்ட்ரன் அவே ஃப்ரம் இட்" என்றும் எழுதலாம். இரண்டிலும் அதே ஐந்து சொற்கள்தான். முதல் வரி பெட்டியை எங்கே வைப்பது என்று சொல்கிறது: பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டாவது வரி பற்றவைக்கும் நேரத்துக்கு உரியது: பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். முதலாவது பொருளைக் காக்கச் சொல்கிறது, இரண்டாவது பிள்ளையைக் காக்கச் சொல்கிறது.

'கீப்', 'சில்ட்ரன்' ஆகியவற்றுக்கு எந்த அகராதியிலும் பொருள் கிடைத்துவிடும். 'இட்' என்ற பிரதிப்பெயர், 'அவே' என்ற வினையடை, 'ஃப்ரம்' என்ற முன்னிடைச்சொல் ஆகிய மூன்றும் எந்த வரிசையில் சேர்ந்து நிற்கின்றன என்பதை அகராதி சொல்லாது. நம் பள்ளிகளில் இவை மூன்றும் மூன்று தனித்தனிப் பாடங்கள். கோடிட்ட இடத்தை நிரப்பி மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு, பேசும்போது இவை ஒன்றோடொன்று பிணைந்தே வரும் என்பதை யாரும் காட்டுவதில்லை. அன்றாட ஆங்கிலத்தின் சூட்சுமம் பெரிய சொற்களில் இல்லை, இந்தப் பிணைப்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதைச் சோதித்துப் பார்க்க, சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. நெருப்பு, விலகல், மேலே போதல், வெளியே சிதறுதல் ஆகியவையே இங்கே தொழில். ஆங்கிலத்தின் சின்னச் சொற்கள் குறிப்பதும் இவற்றைத்தான்.

சிவகாசிக்கு ஆங்கிலம் இரண்டு வழியாக வந்தது. ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து வண்ணத் தீக்குச்சி, மத்தாப்பு, பட்டாசு என்று தொழில் வளர்ந்தது. லேபிள் தேவைக்காக அச்சுத்தொழிலும் வளர்ந்தது. சரக்கு வடக்கே போகப் போக, லேபிளில் ஆங்கிலம் ஏறியது. இது சந்தை வழியாக வந்த ஆங்கிலம். மற்றது அரசு வழியாக வந்தது. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், அதன்கீழ் 1940, 1983, 2008 ஆகிய ஆண்டுகளில் வந்த விதிகள், உரிமப் படிவங்கள், ஆய்வுக் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். 'நாக்பூர் லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்று, உரிமம் தந்த அலுவலகத்தை வைத்து, ஊர்க்காரர்கள் ஆலைகளை வகைபிரித்துப் பேசுவார்கள். உரிமம் எந்த அலுவலகத்திலிருந்து வந்தாலும் அதன் நடை ஒன்றுதான்.

ஆக, ஒரே ஆலைக்குள் இரண்டு ஆங்கிலம் புழங்குகிறது. அலுவலக பீரோவில் உரிமத்தின் ஆங்கிலம். பேக்கிங் அறையில் பெட்டியின் ஆங்கிலம். பீரோவில் இருப்பது படித்தவரையும் மிரட்டும். பேக்கிங் அறையில் இருப்பது எல்லோருக்கும் எளிது என்று தோன்றும். இலக்கண அமைப்பைப் பிரித்துப் பார்த்தால், தமிழர்களைப் பொறுத்தவரை இந்த எண்ணம் தலைகீழ்.

முதலில் எளிது என்று தோன்றுவதைப் பார்ப்போம்.

நெருப்பை அணை என்பதை "புட் அவுட் த ஃபயர்" என்றும் சொல்லலாம், "புட் த ஃபயர் அவுட்" என்றும் சொல்லலாம். 'த ஃபயர்' இருந்த இடத்தில் 'இட்' வந்துவிட்டால் இந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. "புட் இட் அவுட்" மட்டுமே சரி. "புட் அவுட் இட்" என்று ஆங்கிலேயக் குழந்தைகூடச் சொல்லாது. இன்னொரு வாக்கியம்: பெட்டிமேல் குனியாதே என்பதற்கு "டோன்ட் பெண்ட் ஓவர் த பாக்ஸ்". இங்கே 'இட்' வந்தால் "டோன்ட் பெண்ட் ஓவர் இட்". 'இட்' கடைசியில்தான் நிற்க வேண்டும். "டோன்ட் பெண்ட் இட் ஓவர்" என்று மாற்றினால் 'அதை வளைத்து மடிக்காதே' என்று பொருளே வேறாகிவிடும்.

'அவுட்', 'ஓவர்' இரண்டும் பார்வைக்கு ஒரே இனம். 'இட்' வந்து நிற்கும் இடம்தான் அவற்றின் வேலையைக் காட்டிக்கொடுக்கிறது. வினையோடு ஒட்டிக்கொண்டு வினையின் பொருளை முடிக்கும் சொல் வினையடை. பிரதிப்பெயர் அதற்கு முன்னால் வந்துவிடும். பின்னால் வரும் பெயரைத் தாங்கி நிற்பது முன்னிடைச்சொல். பிரதிப்பெயர் அதற்குப் பின்னால்தான் வரும். காதும் இதை உறுதிசெய்யும். "புட் இட் அவுட்" என்று சொல்லும்போது அழுத்தம் 'அவுட்' மேல் விழும். "லுக் அட் இட்" என்னும்போது 'லுக்' மேல் விழுந்து, 'அட் இட்' இரண்டும் மெலிந்து ஒரே மூச்சில் போய்விடும். ஏற்கெனவே அறிந்த பொருளைக் குறிக்கும் மெலிந்த சொல் என்பதால், அழுத்தம் விழ வேண்டிய வாக்கியக் கடைசியை 'இட்' வினையடைக்கு விட்டுக்கொடுக்கிறது. வாக்கியத்தின் எடை கடைசியில் விழ வேண்டும் என்ற ஆங்கிலத்தின் பொதுப் பழக்கத்தோடு சேர்ந்ததுதான் இந்த விதி.

டென்மார்க் அறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் 1924-இல் எழுதிய 'இலக்கணத்தின் தத்துவம்' என்ற நூலில், வினையடை, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல் என்று மூன்றாகப் பிரித்துவைப்பது தேவையில்லை, இவை ஒரே வகையின் வெவ்வேறு பயன்பாடுகளே என்று வாதிட்டார். 2002-இல் ஹட்டில்ஸ்டனும் புல்லமும் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் 'அவுட்', 'அவே' போன்றவற்றைச் செயப்படுபொருள் வேண்டாத முன்னிடைச்சொற்கள் என்றே வகைப்படுத்தியது. தமிழருக்கு இதில் வியப்புக்கு இடமில்லை. வேற்றுமை உருபுகளையும் தனித்து இயங்காத வேறு பல சிறுசொற்களையும் தொல்காப்பியம் இடைச்சொல் என்ற ஒரே வகையில் அடக்கிவிட்டது. 'மேலே போ' என்னும்போது மேல் தனியாக நிற்கிறது. 'அதன்மேல் வை' என்னும்போது ஒரு பெயரைச் சார்ந்து நிற்கிறது. ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பது நமக்குப் பழகிய ஒன்று.

நமக்குப் பழகாதது, வினையின் பொருளையே அந்தச் சிறுசொல் புரட்டிவிடுவது. பட்டாசு ஊரில் இதற்கு 'கோ ஆஃப்' என்பதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. "த லைட் வென்ட் ஆஃப்" என்றால் விளக்கு அணைந்தது. "த கிராக்கர் வென்ட் ஆஃப்" என்றால் பட்டாசு வெடித்தது. "த மில்க் வென்ட் ஆஃப்" என்றால் பால் கெட்டுப்போனது. அணைவதும் வெடிப்பதும் நம் புத்தியில் எதிரெதிர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே இரண்டு சொற்கள். 'ஆஃப்' என்பதன் அடிப்பொருள் ஒன்றிலிருந்து விடுபட்டுப் போவது. எரியும் நிலையிலிருந்து விடுபட்டால் விளக்கு அணைகிறது. அடக்கிவைத்த நிலையிலிருந்து விடுபட்டால் மருந்து வெடிக்கிறது. இந்த அடிப்பொருளைப் பிடித்துக்கொண்டால், பட்டாசு வெடிப்பதை 'லெட் ஆஃப்', 'செட் ஆஃப்' என்று சொல்வதும், ராக்கெட் கிளம்புவதை 'டேக் ஆஃப்' என்று சொல்வதும் ஒரே குடும்பம் என்று தெரிந்துவிடும். இதில் 'டேக் ஆஃப்' நடுவே ஒரு 'இட்' நுழைந்து "டேக் இட் ஆஃப்" என்று ஆகிவிட்டால், ராக்கெட் போய்விடும். 'அதைக் கழற்று' என்ற பொருள் வந்துவிடும். பிரதிப்பெயர் ஒன்று உள்ளே வந்ததும் செயப்படுபொருள் குன்றிய வினை குன்றாத வினையாகிவிடுகிறது.

'புளோ அவுட்' என்றால் ஊதி அணைப்பது. 'புளோ அப்' என்றால் வெடித்துச் சிதறுவது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்து, 'புளோ' என்றால் ஊது என்று மட்டும் கற்ற ஒரு பிள்ளை இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறியும்? 'பர்ன் அவுட்' என்றால் எரிந்து தீர்ந்து தானாக அடங்குவது. 'பர்ன் டவுன்' என்றால் கட்டடம் எரிந்து தரைமட்டமாவது. வினைச்சொல்லை மட்டும் பார்த்துப் பொருள் கொள்வது நெருப்பு விஷயத்தில் ஆபத்து.

தமிழ் இதே வேலையை வேறு கருவியால் செய்கிறது. வெடித்தது, வெடித்துவிட்டது, வெடித்துப்போனது, வெடித்துத் தொலைத்தது ஆகிய நான்கும் ஒன்றல்ல. விடு, போ, கொள், போடு, தொலை போன்ற துணைவினைகள் செயல் முடிந்ததா, கைமீறியதா, எரிச்சல் தந்ததா என்பதையெல்லாம் சொல்லிவிடும். 'அணைத்துவிடு' என்பதில் உள்ள 'விடு'வுக்கும் "புட் இட் அவுட்" என்பதில் உள்ள 'அவுட்'டுக்கும் வேலை ஏறத்தாழ ஒன்று. திசையைச் சொல்வதற்கும் நமக்கு வினையே துணை: விலகி நில், ஒதுங்கிப் போ, தள்ளி வை, எட்டி நில். லியனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து, மொழிகளை இந்த அடிப்படையில் பிரித்துப் பார்க்கும் வழக்கம் வளர்ந்தது. நகர்வின் திசையை வினைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் மொழிகள் ஒருபக்கம். அதை வினைக்கு வெளியே ஒரு சிறுசொல்லில் ஏற்றிவைக்கும் மொழிகள் மறுபக்கம். ஆங்கிலம் இரண்டாவது வகை. தமிழ் பெரும்பாலும் முதல் வகையோடு சேரும். 'விலகு' என்ற ஒரு வினையில் நாம் முடித்துவிடுவதை ஆங்கிலம் 'மூவ்', 'அவே', 'ஃப்ரம்', 'இட்' என்று நான்கு துண்டாக வைக்கிறது. நம் பிள்ளைகள் அந்த நான்கில் 'மூவ்' மட்டும் போதும் என்று நினைப்பது இதனால்தான்.

தமிழிலும் கண்ணிகள் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 'எட்டி நில்' என்றால் தூரமாக நிற்பது. 'எட்டிப் பிடி', 'எட்டிப் பார்' என்றால் நெருங்குவது. ஒரே 'எட்டி'தான். வெளியூரிலிருந்து பட்டாசு ஆலை வேலைக்கு வந்து தமிழ் பழகும் இளைஞருக்கு இது நம்முடைய 'கோ ஆஃப்'.

பிரிட்டனில் பட்டாசுகளின் மேல் முன்பு அச்சிட்ட ஒரு வாசகம் அங்கே பழமொழிபோல ஆகிவிட்டது: நீலத் தாளைப் பற்றவைத்து 'ரிடயர்' ஆகுங்கள். 'ரிடயர்' என்ற பிரெஞ்சு வழிச் சொல்லுக்குச் சிறுசொல் துணை தேவையில்லை. திசை அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த வகையில் அது தமிழின் 'விலகு' போன்றது. இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் அந்த இடத்தை 'ஸ்டாண்ட் பேக்', 'கெட் பேக்' போன்ற கூட்டுகள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆங்கிலம் பேச்சை நோக்கி வரும்போதெல்லாம் நீண்ட ஒற்றைச் சொல்லை விட்டு, சின்ன வினையோடு சின்ன வினையடையைச் சேர்க்கும் பக்கம் சாய்கிறது. பாடப்புத்தக ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த தமிழர் பேச்சு ஆங்கிலத்தில் திணறுவதற்கு இது பெரிய காரணம்.

வரிசைக்கு வருவோம். 1999 அக்டோபரில் மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் ஏஐ அல்லது 145 டெசிபல் சி உச்ச அளவைத் தாண்டி ஒலி எழுப்பும் பட்டாசுகளைத் தயாரிக்கவும் விற்கவும் வெடிக்கவும் அது தடை விதித்தது. அதில் தூரத்தைச் சொல்லும் பகுதி "அட் 4 மீட்டர்ஸ் டிஸ்டன்ஸ் ஃப்ரம் த பாயின்ட் ஆஃப் பர்ஸ்டிங்". இதைப் பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொண்டே வாருங்கள்: பர்ஸ்டிங், வெடிக்கும், பாயின்ட், இடத்து, ஃப்ரம், இலிருந்து, 4 மீட்டர் தொலைவு, அட், இல். 'வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில்' என்ற தமிழ் அப்படியே வந்துவிடும். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் சுட்டிய வேறுபாடுகளில் இதுவும் ஒன்று: ஐரோப்பிய மொழிகளில் பெயருக்கு முன்னால் வரும் சொல் திராவிட மொழிகளில் பின்னால் வருகிறது. அவர் இடையன்குடியில் வாழ்ந்த காலத்தில் சிவகாசியும் சாத்தூரும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. 1910-இல்தான் இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்தன. 1985-இல் விருதுநகர் தனி மாவட்டம் ஆனது.

பிரதிப்பெயரோடு சேரும்போது இந்தத் தலைகீழ் வரிசை இன்னும் துல்லியமாகத் தெரியும். 'அதற்குள்ளிருந்து' என்ற ஒரே சொல்லைப் பிரித்தால் அது, கு, உள், இருந்து. ஆங்கிலத்தில் "ஃப்ரம் இன்சைட் இட்". 'அதன் அடியிலிருந்து' என்பது "ஃப்ரம் அண்டர் இட்". நாம் பெயரில் தொடங்கி வெளியே வருகிறோம். அவர்கள் வெளியில் தொடங்கிப் பெயருக்குப் போகிறார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இதைக் கரும்பலகையில் ஒரு பாடவேளையில் காட்டிவிடலாம். ஆனால் நம் ஆங்கில வகுப்பில் தமிழுக்கு இடமில்லை என்பதால், பிள்ளை ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் திறவுகோலைப் பயன்படுத்தாமலே வளர்ந்துவிடுகிறது.

இனி மிரட்டும் ஆங்கிலம். உரிமத்திலும் சட்டத்திலும் 'தேர்ஆஃப்', 'தேர்இன்', 'தேர்அண்டர்', 'ஹியர்இன்ஆஃப்டர்', 'வேர்பை' போன்ற சொற்கள் வரிக்கு வரி வரும். 'ஹியர்', 'தேர்', 'வேர்' ஆகிய மூன்று வினையடைகளின் பின்னால் ஒரு முன்னிடைச்சொல்லை ஒட்டவைத்தால் இவை கிடைக்கும். ஒட்டியதும் அந்த வினையடை பிரதிப்பெயரின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். 'தேர்இன்' என்பது 'இன் இட்' என்பதற்குச் சமம். வினையடை, முன்னிடைச்சொல், பிரதிப்பெயர் மூன்றும் ஒரே சொல்லுக்குள் கரைந்த இடம் இது. ஜெர்மன் மொழியில் இன்றும் இது அன்றாட வழக்கு. 'டாரின்' என்றால் அதில், 'டாமிட்' என்றால் அதைக்கொண்டு. ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் இது சாதாரணப் பேச்சுதான். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், இன்று 'இட்ஸ்' என்று எழுதும் பல இடங்களில் 'தேர்ஆஃப்' நிற்கிறது. 'இட்ஸ்' அப்போதுதான் மொழிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பிறகு பேச்சு 'இன் இட்', 'ஆன் இட்' பக்கம் போய்விட்டது. 'தேர்ஃபோர்', 'வேர்ஆஸ்' போன்ற சில மட்டும் பொதுவழக்கில் தங்கின. மீதியைச் சட்டம் வைத்துக்கொண்டது.

இந்தச் சொற்களைத் தமிழோடு வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது. 'தேர்இன்' அதில். 'தேர்ஆன்' அதன்மேல். 'தேர்அண்டர்' அதன்கீழ். 'தேர்ஆஃப்டர்' அதன்பின். 'தேர்ஆஃப்' அதன். முன்னால் சுட்டு, பின்னால் உருபு. வரிசை மாறவே இல்லை. தமிழின் அதே வரிசை. 'ரூல்ஸ் மேட் தேர்அண்டர்' என்ற தொடர் இந்தியச் சட்டங்களில் திரும்பத் திரும்ப வரும். 'அதன்கீழ் ஆக்கப்பட்ட விதிகள்' என்று நம் சட்டத் தமிழ் அதை எழுதுவது இயல்பாகப் பொருந்திவிடுகிறது. ஹியர், தேர், வேர் என்ற மூன்றும் நம் இ, அ, எ. இங்கு, அங்கு, எங்கு. இதில், அதில், எதில். இதனால், அதனால், எதனால். முதலெழுத்து ஒன்றை மாற்றி அண்மை, சேய்மை, வினா மூன்றையும் அடுக்கும் முறை இரண்டு மொழிக்கும் பொது. தொல்காப்பியம் அ, இ என்பவற்றோடு உ என்ற மூன்றாவது சுட்டையும் சொல்கிறது. நம் பக்கம் அது வழக்கொழிந்துவிட்டது; யாழ்ப்பாணத்தில் 'உது', 'உங்கை', 'உவன்' என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்த மூன்றாவது வசதி கிடையாது.

ஆகவே சாத்தூரிலோ வெம்பக்கோட்டையிலோ ஒரு போர்மேன் உரிமத்தைப் பார்த்து அஞ்சுவதற்கு, அதன் சொற்கோவை அளவில், காரணமே இல்லை. அவருக்கு அதைப் படிக்கச் சொல்லித்தர ஒருநாள் போதும். பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கும் பேச்சு ஆங்கிலத்துக்குத்தான் நெடுநாள் பழக்கம் வேண்டும்.

நாம் செய்யும் பிழைகளும் இந்தப் பிணைப்பிலிருந்தே பிறக்கின்றன. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதிலிருந்து "டிஸ்கஸ்டு அபவுட் இட்" வருகிறது. ஆங்கிலத்தில் அங்கே 'அபவுட்' கூடாது. 'அவரிடம் சொன்னேன்' என்பதிலிருந்து "டோல்டு டு ஹிம்". 'திரும்பி வந்தான்' என்பதிலிருந்து "ரிட்டர்ன்டு பேக்". இவற்றைக் கேலி செய்வோர் நிறைய. தமிழின் வேற்றுமையை ஒருவர் ஒழுங்காகக் கொண்டுபோய் வைத்ததன் விளைவு இவை. ஒழுங்கு இருக்கும் பிழையை ஒழுங்காகத் திருத்திவிடவும் முடியும்.

இந்தச் சொற்களை உண்மையாகவே நன்றாகக் கற்றவர்களை நான் சிவகாசிக் கடைகளில் கண்டிருக்கிறேன். ஆடிப்பெருக்குக்குப் பிறகு சாத்தூர் சாலையிலும் விருதுநகர் சாலையிலும் விற்பனை சூடுபிடிக்கும். கேரளம், கர்நாடகம் என்று வெளிமாநிலத்தார் கார்களில் வந்து இறங்குவார்கள். தரைச்சக்கரத்தைக் கையில் எடுத்த ஒருவர் இது மேலே போகுமா என்று ஆங்கிலத்தில் கேட்க, கடையில் நின்ற இளைஞர் விரலைச் சுழற்றிக் காட்டியபடி சொன்னார்: "நோ சார், இட் கோஸ் ரவுண்ட் அண்ட் ரவுண்ட். திஸ் ஒன் கோஸ் அப், தென் ஓபன்ஸ் அவுட்." உடனே உள்ளே திரும்பி, "யக்கா, மேல போயி விரியுற ரகத்துல ரெண்டு எடுத்து வைங்க" என்றார். 'மேல போயி விரியுற' என்பதில் இரண்டு வினை. 'கோஸ் அப், ஓபன்ஸ் அவுட்' என்பதில் இரண்டு சிறுசொல். பிழையில்லாத மொழிபெயர்ப்பு. இலக்கண வகுப்பில் அவர் என்ன மதிப்பெண் வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. 'அப்', 'அவுட்', 'ரவுண்ட்' ஆகியவற்றை அவர் கண்ணால் பார்த்துக் கற்றிருக்கிறார்.

பட்டாசு ரகங்களே இந்தச் சொற்களுக்கு ஒரு பாடத்திட்டம்போல அமைந்துவிட்டன. பாம்பு மாத்திரையைப் பற்றவைத்தால் பாம்பு "கம்ஸ் அவுட் ஆஃப் இட்". பூச்சட்டியிலிருந்து பொறி "ஷூட்ஸ் அப் அவுட் ஆஃப் இட்". கம்பி மத்தாப்பை "ஹோல்டு இட் அவே ஃப்ரம் யூ", உடம்பிலிருந்து விலக்கிப் பிடி. நமுத்துப்போன வெடி "ஃபிசில்ஸ் அவுட்", புஸ்ஸென்று அடங்கிவிடுகிறது. வினையடை ஒன்று, முன்னிடைச்சொல் ஒன்று, பிரதிப்பெயர் ஒன்று என்று மூன்றும் வரிசையாக நிற்கும் "அவே ஃப்ரம் இட்", "அவுட் ஆஃப் இட்", "பேக் டு இட்" போன்ற அடுக்குகளை இந்த மாவட்டத்துப் பள்ளிகள் ஒரு பூச்சட்டிப் படத்தை வைத்தே நடத்திவிடலாம். முதல் சொல் திசை. இரண்டாவது அந்தத் திசையின் ஆதாரம். மூன்றாவது எந்தப் பொருள் என்பது. தமிழ்ப் பிள்ளை முதல் சொல்லுக்கு வினையையும் இரண்டாவதற்கு உருபையும் ஏற்கெனவே வைத்திருக்கிறது.

ஆங்கிலம் கற்பது ஒரு பக்கம் இருக்க, எச்சரிக்கை யாருக்காக எழுதப்படுகிறது என்ற கேள்வி எனக்கு இதைவிடப் பெரிது. பெட்டியை மடித்து ஒட்டுகிற பெண்ணுக்காக அந்தப் பின்பக்க வரிகள் எழுதப்படவில்லை. மருந்து செலுத்துகிறவருக்காகவும் சட்ட வாசகம் எழுதப்படவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் வெடிப்புக்குப் பிறகு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மொழி அந்த விபத்துக்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். வெடிமருந்தும் வெப்பமும் உராய்வும் கூட்டமும் விதிமீறலும் இந்த வட்டாரத்து விபத்துகளின் காரணங்கள். ஆனால் எதிலிருந்து, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் விலகி நிற்பது என்பது எல்லோருக்கும் தெரிந்த அறிவாக ஆவது சொற்களால்தான்.

விதிகளில் 'அட் எனி ஒன் டைம்' என்றொரு தொடர் உண்டு. ஒரு அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்துதான் இருக்கலாம் என்ற வரம்போடு அது வரும். 'ஒரே நேரத்தில்' என்று சரியாகச் சொன்னால்தான் விதிக்குப் பொருள். 'ஒரு அறைக்கு 4 பேர்' என்று மட்டும் சுருக்கினால், ஷிப்டுக்கு நாலு பேரா, நாளுக்கு நாலு பேரா, ஐந்தாவது ஆள் மருந்துத் தட்டை வாங்க உள்ளே வரலாமா என்ற கேள்விகளுக்கு இடம் கொடுத்துவிடும். ஆங்கிலத்தின் 'அட்' அடைத்த அந்த வழியைத் தமிழில் 'இல்' அடைக்க வேண்டும். சின்ன உருபை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் விதியே கைவிட்டுப் போகும்.

மத்தியச் சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவு. அதோடு கதவு மூடிவிடவில்லை. 1973-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகங்கள் சட்டம், மாநில மொழிகளில் முறைப்படி வெளியிடப்படும் மொழிபெயர்ப்புக்கு அதிகாரபூர்வத் தகுதி தருகிறது. தமிழ் வாசகத்துக்குச் சட்ட மதிப்பு கிடைக்க வழி இருக்கிறது. வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு விதிகளும் அந்தத் தகுதியோடு ஒவ்வொரு ஆலையின் போர்மேன் மேசையிலும் தமிழில் கிடக்க வேண்டும். 'அதன்கீழ்', 'அதிலிருந்து', 'ஒரே நேரத்தில்' என்று உருபு உருபாகச் சரிபார்த்த தமிழாக அது இருக்க வேண்டும்.

பெட்டிக்கு வந்தால் வேலை இன்னும் எளிது. லேபிள் அச்சாவதே சிவகாசியில்தான். 'தள்ளி நின்று பற்றவைக்கவும்' என்ற வரி போதாது. தள்ளி என்பதில் எதிலிருந்து என்ற ஐந்தாம் வேற்றுமையும் இல்லை, எவ்வளவு என்ற அளவும் இல்லை. ஒலி அளவுக்கான அறிவிக்கை 4 மீட்டர் என்று எண்ணைச் சொல்லி, வெடிக்கும் இடத்திலிருந்து என்று தொடக்கப் புள்ளியையும் சொன்னதுபோல, பாதுகாப்பு வரியும் ரகத்துக்கு ரகம் இரண்டையும் சொல்ல வேண்டும். நமுத்துப்போன வெடிக்கு என் பரிந்துரை இது: 'பற்றவைத்தும் வெடிக்காவிட்டால் அதனருகே திரும்பிப் போகாதீர்கள். அதன்மேல் குனியாதீர்கள். அதைக் கையில் எடுக்காதீர்கள். விலகி நின்றபடியே அதன்மேல் தண்ணீர் ஊற்றுங்கள்.' ஒவ்வொரு வரியிலும் 'அது' ஓர் உருபையோ இடச்சொல்லையோ ஏற்று நிற்கிறது. இந்த நான்கு வரியையும் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடலாம்.